நகர மாட்டேன் என்றவர்களின் முகவரிகள்

பெனடிக்ட் சபையில் சேரும் பெண் மூன்று வாக்குறுதி கொடுக்கிறாள். அதில் ஒன்று, சேர்ந்த குழுவோடு சாகும்வரை இருப்பேன் என்பது. மடத்துத் தலைவி சிடுசிடுக்கிறார், பக்கத்து அறைக்காரி குறட்டை விடுகிறாள், வேறொரு மடத்தில் தோட்டம் நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்ட முடியாது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் இந்த ஒழுங்கை எழுதிவைத்தவர் புனித பெனடிக்ட். எங்கள் பக்கத்துக் கோயில்களில் அவரை ஆசீர்வாதப்பர் என்போம்.

இந்த வாக்குறுதியைக் கொடுத்த ஆங்கிலேயக் கன்னியர் குழு ஒன்றின் முகவரிப் பட்டியலைப் பாருங்கள். 1623-ல் காம்ப்ரே. 1793-ல் கோம்பியேன் சிறை. 1795-ல் லிவர்பூல் பக்கத்து வூல்டன். 1807-ல் அபட்ஸ் சால்ஃபர்டு. 1838-ல் வூஸ்டர்ஷையரின் ஸ்டான்புரூக். 2009-ல் யார்க்ஷையரின் வாஸ். அரசாங்க வேலையில் அடிக்கடி மாற்றலாகும் தாசில்தார்கூட இந்தப் பட்டியலைப் பார்த்துப் பரிதாபப்படுவார்.

எண்பதுகளின் கடைசியில் நான் நர்ஸ் வேலைக்காக வூஸ்டர்ஷையர் வந்து சேர்ந்தபோது அந்தப் பட்டியலின் ஐந்தாவது முகவரி நடப்பில் இருந்தது. ஊரில் எனக்குத் தெரிந்த சிஸ்டர்கள் வேறு இனம். பாளையங்கோட்டையில் சிஸ்டர் என்றால் கையில் பிரம்பு, தோளில் பள்ளிக்கூட நிர்வாகம். ஆஸ்பத்திரி நடத்துவார்கள், விடுதி நடத்துவார்கள், ஃபீஸ் கட்டாத பிள்ளையின் அப்பாவை வாசலில் நிறுத்திவைப்பார்கள். ஸ்டான்புரூக்கில் இருந்தவர்கள் அடைபட்ட மடத்துக் கன்னியர். பள்ளிக்கூடம் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. ஒரு நாளைக்குப் பலமுறை மணி அடிக்கும். போய்ச் சங்கீதங்களைப் பாடுவார்கள். மற்ற நேரம் தோட்டம், சமையல், புத்தகம், தையல். ஊருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருந்தேன். அம்மாவின் பதில் ஏரோகிராமில் ஒரே வரியில் வந்தது: “ஏட்டி, பள்ளிக்கூடமும் நடத்தாம, நோயாளியவும் பாக்காம அந்த மடத்துல என்னத்தத்தான் செய்தாவ?”

அம்மாவின் கேள்வியை அம்மாவுக்கு முன்பே பல பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் துப்பாக்கியும் இருந்தது.

எட்டாம் ஹென்றி 1530-களில் இங்கிலாந்தின் மடங்களை ஒவ்வொன்றாகக் கலைத்து நிலத்தையும் வெள்ளியையும் எடுத்துக்கொண்ட பிறகு, ஆங்கிலேயப் பெண் ஒருத்திக்குக் கன்னியாக வேண்டும் என்று தோன்றினால் கடல் தாண்டிப் போவதுதான் வழி. அப்படி 1623-ல் ஒன்பது பெண்கள் போனார்கள். முன்னால் நின்றவள் ஹெலன் மோர். அதே ஹென்றி தலையை வெட்டிய தாமஸ் மோரின் கொள்ளுப்பேரனுக்கு மகள். அப்போது அவளுக்கு வயது 17. அப்பா பணம் கொடுத்தார். அன்றைக்கு ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த, இன்று பிரான்சில் இருக்கிற காம்ப்ரேயில் மடம் எழுந்தது. ஹெலன் துறவுப் பெயரில் கெர்ட்ரூட் ஆனாள்.

இப்படிப்பட்ட கதைகளில் நிறுவனர் பிறந்ததிலிருந்தே பக்திப் பழமாக இருப்பார். கெர்ட்ரூட் அப்படி இல்லை. வாயாடி, கிண்டல்காரி, வந்த இடம் பிடிக்கவில்லை, சொல்லிக்கொடுத்த செப முறை ஒட்டவில்லை. 1624-ல் அகஸ்டின் பேக்கர் என்ற துறவி ஆன்ம ஆலோசகராக வந்து, எல்லோரும் ஒரே அச்சில் தியானம் செய்ய வேண்டியதில்லை, அவரவர்க்குள் எழும் வழியில் போகலாம் என்றார். முதலில் அவரையும் கேலி செய்த கெர்ட்ரூட், கடைசியில் அவருடைய கட்சிக்குத் தலைமை தாங்கினாள். ‘அவரவர் வழி’ என்று பெண்களிடம் சொன்னால் மேலிடத்துக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? விசாரணை நடந்தது. பேக்கரின் எழுத்தில் தவறில்லை என்று முடிவான 1633-ஆம் ஆண்டிலேயே கெர்ட்ரூட் பெரியம்மை கண்டு இறந்தாள், வயது 27.

விஷயம் அதோடு முடியவில்லை. 1655-ல் சபைத் தலைவர் பேக்கரின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்துவதற்காக ஒப்படைக்கச் சொன்னார். மடத்துத் தலைவி கேத்தரின் கேஸ்காய்ன் தர மறுத்தார். கீழ்ப்படிதலும் இவர்கள் கொடுக்கும் வாக்குறுதிகளில் ஒன்றுதான். கீழ்ப்படிகிற பெண்கள் கோபம் காட்டாமல், குரல் உயர்த்தாமல், ‘முடியாது’ என்பதை எத்தனை அழகாகச் சொல்வார்கள் என்பது கூட்டுக் குடும்பத்து மாமியார்களுக்குத் தெரியும். அன்று அந்தத் தலைவருக்கும் தெரிந்தது. காம்ப்ரே மடமும் அது பாரிசில் தொடங்கிய கிளையும் இப்படிப் பிரதியெடுத்துப் பாதுகாத்தவற்றில் நார்விச் ஜூலியன் எழுதியதும் ஒன்று. ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதியதாகத் தெரிகிற முதல் நூல் என்று இன்று கல்லூரிகளில் பாடம் வைக்கிறார்களே, அது நம் கைக்கு வந்த வழியில் இந்தக் கன்னியரும் நிற்கிறார்கள். சும்மா இருந்தவர்கள் செய்த வேலை.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அடைபட்ட மடங்களில் பெண்களைச் சிறைவைத்திருக்கிறார்கள், அவர்களை விடுவிக்க வேண்டும் என்பது புரட்சியின் கொள்கை. எனவே 1793 அக்டோபரில் காம்ப்ரே கன்னியரைக் கைதுசெய்து கோம்பியேனுக்குக் கொண்டுபோய் உண்மையான சிறையில் அடைத்தார்கள். சுதந்திரத்தின் பெயரால் கிடைத்த அந்தச் சிறையில் குளிருக்கும் காய்ச்சலுக்கும் நான்கு கன்னியர் பலியானார்கள்.

அடுத்த கோடையில் கோம்பியேன் நகரத்து கார்மேல் சபைக் கன்னியர் 16 பேரை அதே கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரு கூட்டமும் பேசிக்கொள்ளத் தடை. துறவு உடை சட்ட விரோதம் ஆகியிருந்ததால் கார்மேல் கன்னியர் சாதாரண உடுப்பில்தான் இருந்தார்கள். ஒருநாள் அந்த உடுப்புகளைத் துவைக்க ஊறப்போட்டுவிட்டு, மாற்றுக்கு வேறில்லாமல் பழைய துறவு உடையை உடுத்தியிருந்தபோது பாரிசுக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்தது. ஈரத் துணி காயும் வரை காத்திருக்க அதிகாரிகளுக்கு நேரமில்லை. 1794 ஜூலை 17 அன்று 16 பேரையும் கில்லட்டினில் ஏற்றினார்கள், துறவு உடையிலேயே. பத்தே நாளில் ரோபெஸ்பியர் வீழ்ந்தான்.

ஆங்கிலக் கன்னியரிடம் சிறை அதிகாரிகள் துறவு உடையைக் கழற்றச் சொன்னார்கள். மாற்றுடை வாங்கக் காசில்லை. கார்மேல் கன்னியர் தொட்டியில் விட்டுப்போன துணிகளை எடுத்துக் கொடுத்தார்கள். 1795-ல் விடுதலையாகி இங்கிலாந்துக் கரையில் இறங்கியபோது அவர்கள் உடுத்தியிருந்தவை அவைதான். அந்தக் கார்மேல் கன்னியரை 1906-ல் முக்திப்பேறு பெற்றவர்களாகவும் 2024-ல் புனிதர்களாகவும் திருச்சபை அறிவித்தது. தனக்கு உடுப்பில்லாததால் உடுத்திக்கொண்ட பழந்துணி பின்னாளில் அருளிக்கமாகப் போற்றப்படுவது எல்லோருக்கும் வாய்க்காது. நான் நர்ஸாக இருந்த காலத்தில் நோயாளிகள் விட்டுப்போன உடுப்புகளைப் பையில் கட்டிப் பெயர்ச்சீட்டு ஒட்டும்போதெல்லாம் இந்தக் கதை நினைவுக்கு வந்துகொண்டே இருக்கும்.

எந்த நாட்டிலிருந்து தப்பி ஓடினார்களோ அந்த நாடு இப்போது வரவேற்றது. இங்கிலாந்து கத்தோலிக்க நாடாகிவிடவில்லை, பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு பயந்திருந்தது, அவ்வளவுதான். வூல்டனில் பள்ளிக்கூடம் நடத்திப் பிழைத்தார்கள். அங்கிருந்து அபட்ஸ் சால்ஃபர்டில் ஒரு பழைய மாளிகைக்கு. அங்கிருந்து 1838-ல் ஸ்டான்புரூக்குக்கு. இனி நிரந்தரம் என்று நம்பித்தான் கட்டினார்கள். எட்வர்டு வெல்பி பியூஜின் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த தேவாலயம் 1871-ல் திறந்தது: கூரான வளைவுகள், உயரமான மணிக்கூண்டு, கல்லிலே வேலைப்பாடு. விக்டோரியா காலத்துக்காரர்கள் கட்டினால், பரலோகம் வந்து பார்த்துவிட்டு மலைத்துப் போக வேண்டும் என்ற எண்ணத்தில்தான் கட்டுவார்கள். அதைச் சூடாக்க எவ்வளவு நிலக்கரி ஆகும் என்ற கணக்கைப் பரலோகத்திடமே விட்டுவிட்டார்கள்.

அந்தச் சுவர்களுக்குள் வாழ்க்கை கறாராக இருந்தது. பாடகர் வரிசையில் லத்தீன் பாடுகிற கன்னியருக்கு ‘டேம்’ பட்டம். அடுப்படி, சலவை, தோட்டம் பார்க்கிறவர்கள் வெறும் ‘சிஸ்டர்’. கடவுள் முன் எல்லோரும் சமம்; சாப்பாட்டு மேசையில் வரிசை உண்டு. பார்க்க வரும் அப்பா அம்மாகூட இரட்டைக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

அப்படிப்பட்ட கம்பிக்குப் பின்னால் 1884-ல், 18 வயதில், போய் உட்கார்ந்தவர் ஸ்காட்லாந்துப் பெண் மார்கரெட் மக்லாக்லன். துறவுப் பெயர் லாரன்ஷியா. வெளியே போகாமலே கிரகோரியன் இசையில் நாடறிந்த நிபுணர் ஆனார். பழைய கையெழுத்துச் சுவடிகளில் சந்தேகம் என்றால் அருங்காட்சியக இயக்குநர் சிட்னி காக்கரெல் அவருக்குத்தான் எழுதுவார். காக்கரெல் 1924-ல் தன் நண்பர் ஒருவரை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார். பெயர் ஜார்ஜ் பெர்னார்ட் ஷா. மதத்தைக் கேலி செய்தே பிழைத்தவர், மாமிசம் தொடாதவர், யார் முன்னும் வாயடைக்காதவர். அவர் கம்பித் தடுப்புக்கு முன் வந்து உட்கார்ந்து, இந்தப் பக்கம்தான் அடைபட்டிருக்கிறது போலிருக்கிறது என்ற யோசனையோடு திரும்பிப் போனார்.

நட்பு வளர்ந்தது. 1931-ல் ஷா புனித பூமிக்குப் போனார். கன்னியர் ஒருவருக்குப் பெத்லகேமிலிருந்து என்ன வாங்கி வருவது? கடைப் பொருள் எதுவும் தகுதியாகப் படவில்லை. தரையிலிருந்து இரண்டு சிறு கற்களைப் பொறுக்கிக்கொண்டார். ஒன்று லாரன்ஷியாவுக்கு, அதை வெள்ளிப் பேழையில் வைத்துக் கொடுத்தார். மற்றொன்றை மடத்துத் தோட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு கற்களோடு கல்லாக வீசிவிட வேண்டும் என்றார். பெத்லகேமின் கல் ஒன்று எப்போதும் அங்கே இருக்கும். எது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் திருட முடியாது. நம்பிக்கையில்லாதவர் மூளையில் உதித்த யோசனைதான், ஆனால் இதைவிடப் பக்தியான காணிக்கையை நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த ஆண்டே சண்டை. ஷா எழுதிய ஒரு கதைப் புத்தகம் கடவுளைத் தேடிப் போகும் ஒரு பெண்ணைப் பற்றியது. லாரன்ஷியா அதற்குள் மடத்துத் தலைவி. புத்தகத்தைப் படித்துக் கொதித்துவிட்டார். பேச்சு நின்றது. 1934-ல் அவருடைய பொன்விழாவை நினைவுகூரும் சிறு அட்டை ஷாவுக்குப் போனது. ஷா அதைத் துக்க அட்டை என்று எடுத்துக்கொண்டு, மடத்துக் கன்னியருக்கு உருக்கமாக அனுதாபக் கடிதம் எழுதினார். செத்துப்போனவரே கையெழுத்திட்டுப் பதில் அனுப்பினார். இருவருக்கும் மறுபடி ராசியாகிவிட்டது. சொந்தக்காரர்கள் சமாதானமாக ஒரு சாவு தேவைப்படும் என்பார்கள். இங்கே சாவு நடக்காமலே காரியம் முடிந்தது.

ஸ்டான்புரூக்கில் நானாகத் தொட்டுப் பார்த்த பொருள் ஒன்று உண்டு: காகிதம். 1876-லிருந்து மடத்தில் அச்சுக்கூடம் இருந்தது. 1950-களில் டேம் ஹில்டலித் கம்மிங் பொறுப்பேற்ற பிறகு அதன் புகழ் அச்சுக்கலை தெரிந்தவர்களிடமெல்லாம் பரவியது. 1960-ல் கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன் தன் கவிதைத் தொகுதி ஒன்றை இங்கேதான் அச்சிடக் கொடுத்தார். எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, ஈரப்பதம் பார்த்து, தடித்த காகிதத்தில் அழுத்தி எடுப்பார்கள். நான் வாங்கிய வாழ்த்து அட்டையில் விரலை ஓட்டினால் எழுத்து தட்டுப்படும். பின்பக்கம் திருப்பினால் லேசாகப் புடைத்திருக்கும். எங்கள் ஊர்த் திருமணப் பத்திரிகைகளை அடித்துத் தந்த டிரெடில் அச்சகத்திலும் அப்படித்தான் புடைக்கும், ஆனால் அங்கே மணமகன் பெயரில் ஒற்று விட்டிருக்கும். இந்த அட்டையில் இரண்டு வார்த்தைக்கு நடுவே விட்ட இடைவெளிகூட யோசித்து விட்டது. அவசரமே இல்லாதவர்களால்தான் அப்படிச் செய்ய முடியும். தொண்ணூறுகளுக்கு வரும்போது அச்சுக்கூடம் ஓய்ந்துவிட்டது.

மாலைப் புகழுக்குச் சில ஞாயிறுகளில் பஸ் பிடித்துப் போய் உட்காருவேன். நைட் டியூட்டி முடித்த அசதியில் பாதி தூக்கம். பாட்டு மட்டும் வந்துகொண்டே இருக்கும். யாரும் உச்சஸ்தாயிக்குப் போய்த் தன்னைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள், யாரும் முந்த மாட்டார்கள். என்னோடு வேலை பார்த்த ஐரிஷ் நர்ஸ் ஒருத்தி, அந்த இடத்தைப் பற்றிய நாவல் என்று சொல்லி, ரூமர் காடன் எழுதிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தாள். காடன் நாராயண்கஞ்சில், இன்றைய பங்களாதேசத்தில், வளர்ந்தவர். ஸ்டான்புரூக் வாசலருகே தங்கி, பார்த்து, கேட்டு, 1969-ல் அந்த நாவலை வெளியிட்டார். அதைப் படித்த பிறகுதான் அந்த அமைதியான வரிசைக்குள் எத்தனை பொறாமை, எத்தனை கோபம், எத்தனை கடன் பிரச்சினை இருக்கலாம் என்று தெரிந்து எனக்கு நிம்மதியாயிற்று. வார்டுக்கும் மடத்துக்கும் அவ்வளவு தூரமில்லை.

1962-லிருந்து 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் நான் வருவதற்கு முன்பே நிறைய மாற்றியிருந்தது. டேமும் சிஸ்டரும் ஒரே வரிசைக்கு வந்தார்கள். லத்தீனோடு ஆங்கிலமும் சேர்ந்தது. கதவு திறந்தது, திறந்த கதவு வழியாக உள்ளே வருவோர்தான் குறைந்தார்கள். பியூஜின் கட்டடம் மட்டும் குறையவில்லை. மழை ஒழுகும் கூரை, ஆள் இல்லாத நடைகள், நடைகளில் முட்டி வலியோடு நடக்கும் மூத்த கன்னியர். பெரிய வீட்டில் இரண்டு கிழவிகள் மிஞ்சிய கதை நமக்குப் புதிதில்லை.

அவர்கள் இதை எப்படி முடிவு செய்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பெனடிக்டின் ஒழுங்கில் 73 அதிகாரம். மூன்றாவதில் ஒரு விதி உண்டு. முக்கியமான விஷயம் வந்தால் மடம் முழுவதையும் கூட்டிக் கேட்க வேண்டும். எல்லோரையும் ஏன் என்றால், நல்ல யோசனையைக் கடவுள் பல நேரம் வயதில் சிறியவருக்குத்தான் காட்டுவாராம். இதை எழுதியவர் ஆறாம் நூற்றாண்டு ஆள். தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் இல்லை. கூடினார்கள், பேசினார்கள், வருடக்கணக்கில் பேசினார்கள். கட்டடத்தை விடுவது, குழுவை விடாமல் இருப்பது என்று முடிவானது. 2009 மே மாதம் வடக்கே யார்க்ஷையருக்குக் கிளம்பினார்கள். பெயரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வாஸ் கிராமத்தில் இருக்கிற மடத்துக்கும் பெயர் ஸ்டான்புரூக் மடம்தான்.

விட்டுவிட்டுப் போன கட்டடம் ஹோட்டல் ஆனது. அதற்கு முன் குடியிருந்த சால்ஃபர்டு மாளிகையும் பின்னாளில் ஹோட்டல் ஆனதுதான். இவர்கள் காலி செய்யும் இடமெல்லாம் ஹோட்டல் ஆகிறது. ரியல் எஸ்டேட்காரர்கள் கவனிக்கலாம்.

மகளின் தோழி கல்யாணத்துக்கு அந்த ஹோட்டலுக்குப் போனேன். தேவாலயம் இப்போது விருந்து மண்டபம். சங்கீதம் பாடிய இடத்தில் ஒரு பையன் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எல்லோரையும் கையைத் தூக்கச் சொன்னான்; தூக்கினோம். பெனடிக்ட் ஒழுங்கின்படி ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஓர் அளவு திராட்சை ரசம். துறவிகளுக்கு மதுவே ஆகாது, ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளிடம் அதைச் சொல்லி எடுபடாது, எனவே அளவோடாவது குடிக்கட்டும் என்று அவரே அலுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அந்த அளவு அன்றிரவு முதல் அரைமணியிலேயே தாண்டியாயிற்று. இரண்டு சமைத்த பதார்த்தம் போதும் என்பது இன்னொரு விதி. பஃபேயில் பதார்த்தங்களை நான் எண்ணவில்லை.

ஆனால் சிரிக்கும்போதே ஒன்று உறைத்தது. மடத்தில் இருந்த எல்லாவற்றுக்கும் வெளியே இப்போது நல்ல கிராக்கி. அவர்கள் உணவைக் குறைத்தார்கள். என் மகள் பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க ஒரு செயலிக்கு மாதச் சந்தா கட்டுகிறாள். அவர்கள் விடியுமுன் எழுந்தார்கள். அவள் அலுவலகத்தில் விடியுமுன் எழுபவர்களுக்கு ஒரு குழுவே இருக்கிறது, எழுந்ததை நிழற்படம் எடுத்துப் போடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு மெத்தை, இரண்டு போர்வை, ஒரு தலையணை. சொந்தமாக எதையாவது ஒளித்துவைத்திருக்கிறார்களா என்று தலைவர் படுக்கையைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்றும் ஒழுங்கில் எழுதியிருக்கிறது. இப்போது பொருள்களைக் குறைத்து வாழச் சொல்லித் தரும் புத்தகங்களை வாங்கி வாங்கி அலமாரி நிறைந்துவிட்டது. பேசாமல், ஃபோன் தொடாமல் இரண்டு நாள் தங்குவதற்குக் கேட்கிற கட்டணத்தைக் கேட்டால் அம்மா அந்த ஏரோகிராமைத் திரும்பக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டிருப்பாள்.

வெளியே காற்று வாங்க வந்தேன். பட்டுப்புடவை, குதிகால் செருப்பு, காலடியில் கற்கள். குனிந்து பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன் போலிருக்கிறது. மகள் பின்னாலேயே வந்துவிட்டாள்.

“என்னம்மா, தோடு விழுந்துருச்சா?”

“இல்லடி. பெத்லகேம் கல்லு ஒண்ணு இங்க கிடக்கு.”

கதையைச் சொன்னேன். கைபேசி விளக்கைப் போட்டுத் தரையில் அடித்தாள்.

“எதும்மா அது?”

“அது யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் போடச் சொன்னாரு.”

“அப்போ அவங்க கிளம்பும்போது எடுத்துட்டுப் போயிருக்க முடியாதுல்ல?” என்றாள். முடியாது. திருடர்களிடமிருந்து காப்பாற்றிய ஏற்பாடு சொந்தக்காரர்களிடமிருந்தும் காப்பாற்றிவிட்டது. ஷா இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு நாடகம் எழுதியிருப்பார். மறுபடி சண்டை வந்திருக்கும்.

அதன் பிறகு வாஸுக்கும் போனேன். வழியில் பைலண்டு மடம் இருக்கிறது, அதாவது அதன் இடிபாடு. 1538-ல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் மூடியது. முகப்பில் பாதி வட்டச் சன்னல் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம். அதைத் தாண்டி மேடேறினால் புதிய ஸ்டான்புரூக். கோபுரமில்லை, கல் சிற்பமில்லை. மரச் சில்லுகளை எரிக்கும் கொதிகலன், கூரையில் சூரியத் தகடுகளும் வளரும் பசுஞ்செடிகளும், மழைநீர்த் தொட்டி, கழிவுநீரை நாணல் படுகையில் சுத்தம் செய்யும் ஏற்பாடு. தேவாலயத்தை 2015-ல் கட்டி முடித்தார்கள்; வளைந்த சுவர், பெரிய சன்னல், வெளியே பள்ளத்தாக்கு. விக்டோரியா காலத்து முன்னோர்கள் பரலோகத்திடம் விட்ட எரிபொருள் கணக்கைப் பேத்திகள் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

பாட்டு மாறவில்லை. எண்ணிக்கை குறைவு, குரலில் வயது தெரிகிறது. ஆனால் இப்போதும் யாரும் முந்துவதில்லை. விருந்தினரைக் கவனிக்கும் கன்னியர் ஒருவர் எனக்குத் தேநீர் ஊற்றினார். பழைய இடத்தில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதைச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன், “அங்கே ஹீட்டர் வேலை செய்கிறதா?” என்றுதான் கேட்டார். நன்றாகவே வேலை செய்கிறது என்றேன். எங்கள் காலத்தில் செய்யவில்லை என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் ரயிலில் இருந்தபோது ஊருக்குப் போயிருந்த தம்பி பாளையங்கோட்டையிலிருந்து கூப்பிட்டான். அப்பா கட்டிய வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறதாம், நல்ல விலையாம், மூத்தவளின் கையெழுத்து மட்டும் பாக்கியாம். அம்மா இருந்தபோது, அந்த வீட்டை விற்பதில்லை என்று எல்லோரும் அவள் கையில் அடித்துச் சொன்னவர்கள்தான் நாங்கள். ஒருவர் சென்னை, ஒருவர் துபாய், நான் இங்கே. ஒரே சாப்பாட்டு மேசையில் கடைசியாக எப்போது உட்கார்ந்தோம் என்று எங்களில் யாரைக் கேட்டாலும் வேறு வேறு வருடம் சொல்லுவோம்.

“கடைக்குட்டிகிட்டக் கேட்டியாலே?” என்றேன்.

“அவன்கிட்ட என்னத்தக்கா கேக்க? அட்வான்ஸ் வாங்குன அன்னைக்கே வாட்ஸாப்ல போட்டுட்டேனே.”

பார்த்தேன். போட்டிருந்தான். கடைக்குட்டி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தான். குழுவின் பெயர் இன்னும் ‘நம்ம வீடு’ என்றுதான் இருக்கிறது; அதை மாற்றலாமா என்று மட்டும் எல்லோரையும் கேட்க வேண்டுமாம்.